லிஃப்ட் விலையை விடுங்க, முதல்ல கூரையை அளங்க

யூடியூப்ல ஒரு அமெரிக்கர் தன் வீட்டு கராஜில் காரைத் தலைக்கு மேல தூக்கி வெச்சுட்டு, கீழே நிமிர்ந்து நின்னுக்கிட்டே கியர்பாக்ஸைக் கழற்றுற வீடியோ. இதைப் பார்க்காத மெக்கானிக்கல் மாணவர் நம்ம கல்லூரியில் இருக்க வாய்ப்பே இல்லை. பார்த்து முடிச்சதும் எல்லாரும் செய்யறது ஒண்ணுதான்: இரண்டு தூண் லிஃப்ட் என்ன விலைன்னு தேடுறது. அந்தத் தேடல் தலைகீழா ஆரம்பிக்குதுன்னு நான் சொல்றேன். லிஃப்ட் கடைசியா வாங்க வேண்டிய பொருள். கூரை உயரமும் தரை கான்கிரீட்டும் வீட்டு பிளான் போடும்போதே முடிவாகணும். ஆகலைன்னா பிறகு கையில் எவ்வளவு காசு இருந்தாலும் கஷ்டம்தான்.

அமெரிக்காவிலேயே இந்தப் பிரச்சினை உண்டு. அங்கே சாதாரண வீட்டு கராஜ் கூரை 8, 9 அடி உயரம்தான். ஆனா பெரும்பாலும் மரச்சட்டக் கூரை என்பதால், தேவைப்பட்டா ஆள் வெச்சு அந்தச் சட்டங்களை மாத்தி உயரம் எடுத்துக்க வழி இருக்கு. நம்ம ஊரில் கார் நிற்கிற இடத்துக்கு மேல கான்கிரீட் ஸ்லாப், அதுக்கு மேல ஒரு பெட்ரூம். அதை யாரால தூக்க முடியும்?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கீழே நிமிர்ந்து நின்னு வேலை பார்க்கணும்னா காரின் அடிப்பகுதி 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கணும். ஸ்விஃப்ட் மாதிரி ஒரு காரின் உயரம் சுமார் 1.5 மீட்டர். கிரவுண்ட் கிளியரன்ஸைக் கழிச்சா 1.35. ஆக, காரின் தலை 3.15 மீட்டரில் நிற்கும். இன்னோவா என்றால் 3.4-ஐத் தொடும். போனட்டைத் திறந்தபடி தூக்கணும்னா அதுக்கும் மேல. லிஃப்ட்டுக்கே ஒரு உயரம் இருக்கு: இரண்டு தூணையும் மேலே குறுக்குச் சட்டத்தால் இணைக்கிற மாடல்கள் பலதும் 12 அடி வரை வரும். நம்ம வீடுகளில் ஒரு தளம் பொதுவா 10 அடி, அதாவது 3.05 மீட்டர். அதிலும் பீம் ஒரு அடிக்கு மேல கீழே இறங்கியிருக்கும். ஃபேன் வேற. பீமுக்குக் கீழே சுத்தமா 13 அடி கிடைக்காத இடத்தில் இரண்டு தூண் லிஃப்ட்டைப் பத்திப் பேசறதே வீண்னு நினைக்கிறேன். தூண்களை வெளிப்பக்கமா அளந்தா பல மாடல்களுக்கு 11 அடிக்கு மேல வரும். கதவைத் திறந்து இறங்கவும் டூல்ஸ் வண்டியைத் தள்ளவும் இடம் விட்டா, அகலம் 14 அடி கேட்கும்.

ஒரு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். அவங்க கராஜ் கதவு மேலே மடங்கி, கூரையை ஒட்டி உள்பக்கம் ஓடும். தூக்கின கார் அதில் இடிக்கும். நம்ம ரோலிங் ஷட்டர் வாசலுக்கு மேலேயே சுருண்டு நின்னுடும்.

உயரத்தைவிட எனக்கு பயம் தர்றது தரை. உயரம் பத்தலைன்னா காரின் தலை இடிக்கும், நிறுத்திடலாம். தரை சரியில்லைன்னா கார் ஆள் மேலே வரும். 1500 கிலோ கார்னு வெச்சா ஒரு தூணுக்கு 750 கிலோ. ஆனா அந்த எடை தூணுக்கு நேரா இறங்காது. கை நீட்டின மாதிரி சுமார் 0.7 மீட்டர் தள்ளித் தொங்குது. மொமென்ட் 5 கிலோநியூட்டன் மீட்டருக்குக் கொஞ்சம் மேல. அடித்தட்டில் போல்ட்டுகளுக்கான நெம்புகோல் தூரம் 0.4 மீட்டர்னு எடுத்தா, வெளிப்பக்க போல்ட்டுகள் சேர்ந்து சுமார் 1.3 டன் இழுவிசையைத் தாங்கணும். தோராயக் கணக்குதான், முதலாம் ஆண்டு என்ஜினீயரிங் மெக்கானிக்ஸ் அளவுக்கு. ஆனா அந்த போல்ட் எதைப் பிடிச்சுக்கிட்டு நிற்குதுன்னு யோசிங்க. நம்ம கார் போர்டிகோவில் கிராவல் போட்டு நிரவி, மேலே 1:4:8 பி.சி.சி. நாலு அங்குலம், அதுக்கு மேலே டைல்ஸ். அந்தக் கலவையின் பலம் எம்7.5 ரகம். அதில் துளை போட்டு ஆங்கர் அடிச்சா, சிமெண்ட்டோட சேர்ந்து பெயர்ந்து வரும்.

லிஃப்ட் மேனுவல்கள் பலதும் 3000 பி.எஸ்.ஐ. கான்கிரீட், குறைந்தது 4 அங்குலத் தடிமன், 28 நாள் க்யூரிங்னு கேட்கும். இதை மெகாபாஸ்கலுக்கு மாத்தினா 20.7 வருது, 'அப்போ எம்20 போதும்'னு ஒரு நண்பன் வாதாடினான். போதாது. அவங்க சோதிக்கிறது சிலிண்டர், நாம சோதிக்கிறது கியூப். ஒரே கான்கிரீட் கியூபில் அதிக பலம் காட்டும். அதனால எம்25-ஆ கேளுங்க. 'கெமிக்கல் ஆங்கர் போட்டா எந்தத் தரையும் தாங்கும்'னு சொல்றவங்களும் இருக்காங்க. பசை எவ்வளவு நல்லதா இருந்தாலும், அது ஒட்டியிருக்கிற கான்கிரீட் மட்டமா இருந்தா என்ன பண்றது? தூண் வரும் இடத்தில் தனியா கம்பி கட்டி, தடிமனா போடுறதுதான் வழி. எவ்வளவு தடிமன், என்ன கம்பின்னு மேனுவலைக் கையில் கொடுத்து ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர்கிட்ட வாங்குங்க; மேஸ்திரி அனுபவத்தில் சொல்றதை வெச்சு வேண்டாம். தண்ணி ஓட தரைக்கு வாட்டம் கொடுக்கிற பழக்கமும் இங்கே உண்டு. அந்த வாட்டம் தூண் நிற்கிற இடத்துக்கு வரக்கூடாது.

'தெருவுக்கு ஒரு மெக்கானிக் இருக்கார், வீட்டுல லிஃப்ட் எதுக்கு?'ன்னு வீட்டில் கேட்பாங்க. நியாயமான கேள்வி. கார் நிறுத்த இடம் மிச்சம் பண்றதுக்கும் ரீல்ஸ் போடறதுக்கும்னா நானும் வேண்டாம்னுதான் சொல்வேன். ஆனா மூணு வருஷம் ஆட்டோமொபைல் படிச்சும், லேபில் வெட்டி வெச்ச மாடலைத் தவிர ஓடுற காரின் அடிப்பகுதியை நிமிர்ந்து பார்க்காதவங்க நம்ம வகுப்பில் எத்தனை பேர்? தெருவுக்கு ஒண்ணுன்னு ஒரு ஷெட்டில் அதைப் பார்க்க வசதி இருந்தா, அங்கிருந்து நாலு பேர் வேற மாதிரி என்ஜினீயரா வெளியே வருவாங்க. அதுக்காக இந்தச் செலவு தகும்னு நம்பறேன்.

அதனால என் யோசனை: வீட்டுக்கு அடியில் கராஜைத் திணிக்காதீங்க. மனையில் இடம் இருந்தா பின்பக்கம் தனியா இரும்புச் சட்டம், ஷீட் கூரை போட்ட ஷெட். சுவர் உயர்த்துற செலவு, ஸ்லாப் உயர்த்துறதைவிட ரொம்பக் குறைவு. விளக்குகளைக் கூரையில் தொங்கவிடாம பக்கச் சுவரில் போடுங்க, தூக்கின கார் வெளிச்சத்தை மறைக்காது. ஏற்கெனவே கட்டின 10 அடி போர்டிகோதான் இருக்குன்னா, ஒரு மீட்டர் வரை தூக்கும் சிசர் லிஃப்ட் போதும். ஸ்டூலில் உட்கார்ந்து பிரேக், சஸ்பென்ஷன் வேலை தாராளமா பார்க்கலாம். அதுவும் வேண்டாம்னா டிராலி ஜாக்கும் நல்ல ஜாக் ஸ்டாண்டும். பழைய ஒர்க்‌ஷாப் மாதிரி பள்ளம் தோண்டறது மட்டும் எனக்குப் பிடிக்காது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். நம்ம மழைக்குத் தண்ணியும் அங்கேதான் தேங்கும்.

இதில் மெக்கானிக்கல்காரங்க லிஃப்ட் கேட்டலாகையும் சிவில்காரங்க வீட்டு பிளானையும் தனித்தனியா பார்த்துக்கிட்டிருக்கிறதுதான் பாதி சிக்கல். அடுத்த வருஷ ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு இரண்டு டிபார்ட்மெண்டும் சேர்ந்து இப்படி ஒரு ஷெட்டை வரையலாமே. வரையும்போது முதல் வேலையா, சம்ப்பும் செப்டிக் டேங்கும் எங்கே வருதுன்னு குறிச்சுக்கோங்க. நம்ம ஊரில் இரண்டுக்கும் கிடைக்கிற இடம் பெரும்பாலும் கார் நிற்கிற இடத்துக்கு அடியில்தான்.