பார்த்து வருவோம்: நாராயண்காவ் திராட்சைப் பந்தல்கள்

பிரான்சு தேசத்தில் ஷாம்பேன் என்றொரு சீமை உண்டு. அங்குள்ள திராட்சைத் தோட்டங்களையும் ஒயின் நிலவறைகளையும் காண்பதற்கென்றே உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் செல்கின்றனர். அவ்வளவு பணமும் அவகாசமும் நம்மில் எத்தனை குடும்பங்களுக்கு வாய்க்கும்? ஆனால் புனேயிலிருந்து நாசிக் செல்லும் சாலையில் சுமார் 75 கிலோமீட்டர் போனால் நாராயண்காவ் வந்துவிடும். 1980களில் அதே ஷாம்பேன் சீமை நிபுணர்களின் துணையோடு நுரை பொங்கும் ஒயின் தயாரித்து, ‘ஓமர் கய்யாம்’ என்ற பெயரில் அயல்நாடுகளுக்கு அனுப்பிய ஊர் இது. அந்த ஆலை பிற்காலத்தில் நொடித்துப் போயிற்று. ஒயின் தொழில் இன்று நாசிக்கில்தான் செழித்திருக்கிறது. நாராயண்காவிலோ உண்ணும் திராட்சை நிலைத்து நிற்கிறது. குழந்தை குட்டிகளோடு செல்வோருக்கு அதுவே மேல் என்பது என் கட்சி.

அதிகாலையில் புறப்பட்டால் முதலில் ஓஜர் விக்னஹரரைத் தரிசிக்கலாம். பிறகு ஜுன்னர், 1630ஆம் ஆண்டில் சத்ரபதி சிவாஜி பிறந்த சிவநேரிக் கோட்டை அங்கேதான் இருக்கிறது. அருகிலுள்ள லேண்யாத்ரியில் ஏறத்தாழ முந்நூறு படிகள். பழைய பௌத்தக் குகையொன்றினுள் பிள்ளையார் வீற்றிருக்கிறார். முழங்கால் வலிக்காரர்கள் கீழிருந்தே கும்பிடலாம்; அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சாதவாகன அரசி நாகனிகாவின் கல்வெட்டுள்ள நாணேகாட் கணவாய்க்குத் தனியே ஒரு நாள் வேண்டும்.

தோட்டங்களைக் காணப் பிப்ரவரியும் மார்ச்சும் உகந்தவை. பிரான்சில் கொடி குளிர்காலத்தில் உறங்கும். தக்காணத்துக் கொடிக்கு அந்த உறக்கம் இல்லை. ஆகவே ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்கிறார்கள்: ஏப்ரலில் கிளைக்காக, அக்டோபரில் கனிக்காக. இவ்வளவும் செய்து, கனி பழுக்கும் வேளையில் பருவம் தவறி ஒரு மழை பெய்தால் போதும். தோல் வெடித்துக் குலையே அழுகிவிடும்.

சென்ற முறை போனபோது அத்தகைய மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வெடித்த குலைகளை ஒரு விவசாயி கூடையில் ஒதுக்கிக்கொண்டிருந்தார். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த என் மாமியார் அந்தக் கூடையருகே போய் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மராட்டி தெரியாது. விவசாயிக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் இருவரும் குலைகளைத் திருப்பித் திருப்பிக் காட்டி வெகுநேரம் பேசினார்கள். புறப்படும்போது, உடைந்த பழத்துக்குக் காசு வேண்டாமென்று அவர் கை கூப்பினார். மாமியார் கேட்கவில்லை, நல்ல பழத்தின் விலையையே கொடுக்கச் செய்தார். மழையில் தம் தகப்பனாரின் பன்னீர்த் திராட்சைப் பந்தல் போன வருஷத்தைப் பற்றி, திரும்பும் வழியில்தான் முதன்முதலாக எங்களிடம் சொன்னார். எனக்குக் கல்யாணமாகி இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன.

அன்பர்களுக்கு இன்னொரு விஷயம். ஜுன்னர் வட்டாரத்துக் கரும்புக் காடுகளில் சிறுத்தைகள் மெய்யாகவே உள்ளன. பிள்ளைகளைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டு, பொழுது சாயுமுன் பஸ் ஏறிவிடுங்கள். வாங்கி வந்த பழத்தை உப்பு நீரில் நன்கு அலசிய பிறகே உண்ணக் கொடுங்கள்.