மூன்றாம் உள்ளீட்டுக்கு இடமில்லை

2014இல் வந்த ஜாவா 8 செயற்கூறுகளை மதிப்புகளாகக் கையாள்வதாக வகுப்பறைகள் இன்றும் போற்றுகின்றன. செயற்கூறுக்கென்று பொதுவான தரவினம் எதையும் அது தரவில்லை. அதற்கான நூலகத் தொகுப்பில் தந்தவை 43 இடைமுகங்கள். உள்ளீடு ஒன்றாயின் ‘ஃபங்ஷன்’, இரண்டாயின் ‘பைஃபங்ஷன்’, மூன்றாயின் ஏதுமில்லை. வேண்டுவோர் தாமே வரையறுத்துக்கொள்ளலாம். ஆயின் இருவர் வரையறுத்தால், வடிவம் ஒன்றேயாயினும் அவை வெவ்வேறு தரவினங்கள்!

‘கொடு’ என்னும் வினை கொடுப்பவர், பெறுபவர், பொருள் என மூன்றை அவாவுவது. ‘உறங்கு’, ‘உண்’ ஆகியவற்றோடு நின்றுவிடும் நூலை இலக்கணம் என எவரேனும் ஏற்பாரோ?

பழைய நிரல்களோடு இயைய வேண்டிய நெருக்கடி என்பர்; மெய்யே. நெருக்கடியில் விளைந்ததைக் கோட்பாடாகக் கற்பிக்க அது நியாயமாகாது. ராபின் மில்னர் 1978இல் விளக்கிய முறையில், உள்ளீடு எத்தனையாயினும் அதனை வெளியீட்டோடு இணைக்க அம்புக்குறி ஒன்றே போதுமானதாயிருந்தது.