கோல் கணக்கு முழுக் கணக்கு அல்ல

பெங்களூரு எஃப்.சி. கால்பந்து கிளப்பின் மாபெரும் லெஜண்ட் சுனில் சேத்ரிதான், கோல் எண்ணிக்கையைப் பார்த்த பிறகு பேச்சே இல்லை என்கிறார் ஓசூர் நண்பர். சேத்ரியின் பெருமையை நான் மறுக்கவில்லை. மறுப்பது அந்த அளவுகோலை.

அதை அப்படியே வைத்துப் பார்ப்போம். 2017-18 ஐ.எஸ்.எல். தொடரில் சேத்ரி அடித்தது 14 கோல், அதே அணியின் முன்கள வீரர் மிக்கு அடித்தது 15. அப்படியானால் அந்த ஆண்டு மிக்குதான் பெரியவரா? நண்பரே ஒப்ப மாட்டார்.

பெரிய ஆட்டங்களில் தடுப்பாட்டக்காரர்களும் கோல் அடித்திருக்கிறார்கள். 2016 அக்டோபரில் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் மலேசியாவின் ஜோகூர் அணியை 3-1 என்று வென்று ஏ.எஃப்.சி. கோப்பை இறுதிக்குப் போனோம். இரண்டு கோல் சேத்ரியுடையது. மூன்றாவதை அடித்தவர் தடுப்பாட்டக்காரர் ஹுவானன். 2019இல் கோவாவுக்கு எதிரான ஐ.எஸ்.எல். இறுதியில் கூடுதல் நேரத்தில் தலையால் முட்டிக் கோப்பையைத் தந்த ராகுல் பேக்கேயும் தடுப்பாட்டக்காரர்தான். நம்மைத் தோற்கடித்ததும் அதே இனம்: 2018 இறுதியில் சேத்ரி முதல் கோல் அடித்தும், சென்னையின் மைல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டிச் சாய்த்தார்.

அதனால் என் ஓட்டு தடுப்பாட்டக்காரர் ஜான் ஜான்சனுக்கு. கிளப் தொடங்கிய 2013இலேயே வந்து, இரண்டு ஐ-லீக் பட்டங்களுக்கும் பின்வரிசையைக் கட்டிக் காத்தவர். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி, ஷிப்ட் மாற்றிக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போன நாங்கள் கோலை மட்டுமா பார்த்தோம்? கடைசிப் பத்து நிமிடம் பந்தை வெளியே தள்ளிய ஒவ்வொரு காலுக்கும் தொண்டை வறளக் கத்தியிருக்கிறோம்.