குளிசையும் காத்திருப்பும்

மனச்சோர்வுக்குக் குளிசை உண்ணத் தொடங்கிப் பத்தாம் நாளே அதனை எறிந்துவிடுவோர் வன்னியில் உளர். இதனை அறியாமை எனக் கூறிக் கைகழுவும் கல்விமான்களை நாம் மறுக்கிறோம்.

1957இல் சுவிற்சர்லாந்து வைத்தியர் ரோலன்ட் கூன் இமிப்பிரமினின் பயனை வெளியிட்டார். அக்காலந்தொட்டே இவ்வகை மருந்துகளின் தாமதம் மருத்துவம் அறிந்ததே. புளுவொக்செற்றினாயின், குமட்டல் முதல் நாட்களிலேயே தோன்றலாம். தெளிவோ இரண்டு முதல் நான்கு வாரங்களில்தான் அரும்பும். முழுப்பயனுக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் செல்லலாம். இளையோர் சிலரிடம் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் மிகுதலும் உண்டு. துன்பம் முந்திப் பயன் பிந்தும் என்பதைச் சொல்லாத வைத்தியம் அரை வைத்தியமே.

காலபோகம் விதைத்துப் பத்தாம் நாள் கதிர் தேடும் கமக்காரன் கிளிநொச்சியில் உண்டோ? பொறுமை இம்மக்களுக்குப் புதிதன்று. எத்துணைக் காலம் என்பதே உரைக்கப்படவில்லை. மானிப்பாயில் கிறீன் வைத்தியர் தமிழிலே மருத்துவம் கற்பித்தது 19ஆம் நூற்றாண்டில். இன்று இரண்டு வாக்கியங்களுக்குமா பஞ்சம்?

"2009இன் பேரழிவுக்குக் குளிசையா நீதி?" என்பர் சிலர். அன்று. ஆயினும், காணாமலாக்கப்பட்ட பிள்ளைக்காக 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட அமர்ந்த தாய்க்கும் உறக்கம் வேண்டும். நீதி வரும்வரை நோயையும் சும என்பது கொடுமை.

குளிசையோடு கால அளவையும் கூறுக. தொடக்க வாரங்களில் நோயாளியை நாடிச் செல்க. குணமில்லையேல் மருந்தை மாற்றுக. இவற்றைச் செய்தபின் அறியாமை பற்றிப் பேசலாம்.