கொட்டிலுக்குள் நிற்கும் மோட்டார் சைக்கிள்



வன்னியில் வீடு வீடாகப் போகும் என் வேலையில் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். கொட்டிலின் மூலையில் சாக்கால் மூடியபடி ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நிற்கும். அதன்மேல் கோழி அடைந்திருக்கும். பழைய இரும்பு வாங்க வருபவர் விலை கேட்டுப் போவார். வீட்டுக்காரி கொடுக்கவும் மாட்டார், தொடவும் மாட்டார். "அது அவருடையது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்படியான ஒரு வண்டியைச் சென்ற வருடம் ஒரு தாயும் மகளும் வீட்டிலேயே திருத்தி ஓட வைத்தார்கள். சில சனிக்கிழமைகளில் நானும் கூட இருந்து ஸ்பனர் எடுத்துக் கொடுத்தேன். அதைத்தான் இம்மாதம் எழுத நினைத்தேன்.

வண்டி, நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த ஹொண்டா எம்.டி. 90. ஜப்பானில் தபாற்காரருக்காகச் செய்யப்பட்டது. சின்ன எஞ்சின். கிளச் பிடி இல்லை, காலால் கியரை மாற்றினால் போதும். 2006 இல் அந்த அக்காவின் கணவர் அதைத் திருத்துவதற்காக வவுனியாவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்த ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. வண்டி அங்கே, மனிதர் இங்கே. 2009 இல் அவர் காணாமற்போனார். மீள்குடியேறிய பிறகு உறவினர் வண்டியை லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து கொட்டிலில்தான் நின்றது.

மகளுக்குத் தகப்பனின் முகம் படத்தில்தான் தெரியும். வண்டியைத் திருத்தலாம் என்று தொடங்கியவள் அவள்தான். அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, "தங்கச்சி, அவளுக்கு நீங்கள் சொல்லுங்கோ. அவர் வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மகள்தான், "ஓடுற நிலையில வைச்சிருந்தனாங்கள் எண்டு சொல்லுங்கோ அம்மா" என்றாள்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது 'பெண் தலைமைக் குடும்பம்' என்பது ஓர் அட்டவணையின் தலைப்பாக இருந்தது. அந்தக் குடும்பத் தலைவி கீரைக்கட்டுகளைச் சந்தைக்கு எப்படிக் கொண்டுபோகிறார் என்ற கேள்வி அந்த அட்டவணையில் இல்லை. இந்த அக்கா சைக்கிளில்தான் கொண்டுபோனார். உள் வீதிக்கு பஸ் வராது.

இனி வேலைக்கு வருவோம். நெடுங்காலம் நின்ற எஞ்சினை எடுத்த எடுப்பில் உதைக்கக் கூடாது. சிலிண்டருக்குள் பிஸ்டன் வளையங்கள் துருவில் ஒட்டியிருக்கலாம். பலமாக உதைத்தால் உள்ளே கீறிவிடும். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஓயில் விட்டு இரண்டு நாள் வைத்தார்கள். பிறகு கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினார்கள். முதல் நாள் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் ஓயில் விட்டு, மறுநாள் அழுத்தியபோது மெதுவாக இறங்கியது. அசையாத எஞ்சினாக இருந்திருந்தால் வேலை வீட்டில் முடியாது, செலவும் வேறு. ஆகவே பணம் செலவழிக்குமுன் இதை முதலில் பாருங்கள்.

பழைய ஓயிலை வடித்துவிட்டுப் புதிது விட்டார்கள். ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே பிடிக்கும். சைலன்சரின் வாயைக் குளவி மண்ணால் அடைத்திருந்தது. கம்பியால் குத்தித் தட்டி எடுத்தோம். வயரை எலி கடித்திருந்தது.

அதிகம் மினக்கெட்டது பெற்றோல் தாங்கியோடுதான். உள்ளே துருவும், பழைய பெற்றோல் இறுகிய பிசினும். தாங்கியைக் கழற்றி, வினாகிரி நிரப்பி இரண்டு நாள் வைத்து, சிறு சுரைகளைப் போட்டுக் குலுக்கினார்கள். பிறகு அப்பச்சோடா கரைத்த நீரால் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்தார்கள். ஈரம் இருந்தால் மறுபடி துரு வந்துவிடும். போட்ட சுரைகளை எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள்.

காபரேற்றரைக் கழற்றுமுன் மகள் ஒவ்வொரு படியையும் தொலைபேசியில் படம் எடுத்து வைத்தாள். கழற்றிய துண்டுகளை ஒழுங்காகப் பழைய துணியில் பரப்பினாள். ஜெற்றின் ஊசித்துளையை ஊசியால் குத்தக் கூடாது; துளை பெரிதாகிவிடும். வயருக்குள் இருக்கும் மெல்லிய செப்பு இழை ஒன்று போதும். பெற்றோலால் கழுவும் வேலையை அடுப்படிக்கும் விளக்குக்கும் தூரத்தில், திறந்த வெளியில் செய்யுங்கள். பிறேக்கைத் திறந்தால் உள்ளேயுள்ள தூசியை ஊதவேண்டாம். பழைய பிறேக் சூக்களில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

அயலில் உள்ள முதிய ஐயா ஒருவர் அந்தக் காலத்தில் கராஜ் வைத்திருந்தவர். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில், சில துளி பெற்றோலில் எஞ்சினை இயக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓடினோமே, நினைவிருக்கிறதா? இந்த வண்டியும் அப்படி ஓடியதுதான் என்றார் அவர். பிளக்கில் படிந்திருந்த கரியைப் பார்த்தே சொன்னார். கம்பித் தூரிகையால் அதைத் துப்புரவாக்கி, இடைவெளியை 0.6 - 0.7 மில்லிமீற்றராக வைத்து, பிளக்கின் உடலை எஞ்சினில் தொடவைத்துக் கிக்கரை அடித்தபோது நீலப்பொறி வரவில்லை. பொயின்ற்றை மெல்லிய எமரித் தாளால் தேய்த்த பிறகு வந்தது. ஐயா கதிரையில் இருந்தபடி சொன்னாரே தவிர, ஒரு சுரையைக்கூடத் தான் முடுக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. கராஜ் ஒன்றில் "பொம்பிளையளுக்கு ஏன் இந்த வேலை, இரும்புக்குக் குடுங்கோ" என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

பிறேக் பிடியில் கணவர் சுற்றிய சிவப்பு வயர் ரேப்பை அக்கா கழற்ற விடவில்லை. அதன்மேலேயே துணியால் துடைத்தாள் மகள்.

எஞ்சின் இயங்கிய அன்று கறுப்புப் புகை. பிறகு வெள்ளை. பிறகு சத்தம் சீராகியது. அக்கா வீட்டுக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணியோடு வந்தார். நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை.

வண்டி ஓடுவது வேறு, வீதியில் ஓட்டுவது வேறு. வேலை தொடங்குமுன் அடிச்சட்டத்திலும் எஞ்சினிலும் பொறித்த இலக்கங்களைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். வருமான உத்தரவுப் பத்திரத்துக்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். பல வருடம் புதுப்பிக்காத வண்டிக்கு நிலுவை எவ்வளவு என்று பிரதேச செயலகத்தில் முன்னரே கேளுங்கள். ஓட்டுபவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 100 சீ.சீ. வரையான வண்டிக்கு ஏ1 வகுப்பு அனுமதிப்பத்திரம்.

கடினமானது பெயர் மாற்றம். உரிமையாளர் காணாமற்போனவர் என்றால் பலர் மரணச் சான்றிதழ் கேட்பார்கள். அதை எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்காக, 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழுக்கு வழி செய்தது. உங்கள் வண்டி விடயத்தில் அது எவ்வளவுக்குச் செல்லும் என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்தில் கேட்டு, இயலுமானால் எழுத்தில் வாங்குங்கள். என் எண்ணத்தில், வண்டியைத் திருத்துவதும் அவர் இல்லை என்று கையெழுத்து வைப்பதும் இரண்டு வேறு காரியங்கள். ஒன்றைச் செய்ததற்காக மற்றதையும் செய் என்று உங்களை ஒருவரும் நெருக்க முடியாது, அலுவலராயினும் சரி, உறவினராயினும் சரி.

அந்த வீட்டில் புத்தகம் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. சான்றிதழ் பற்றி அக்கா முடிவெடுக்கவில்லை. மகள் அனுமதிப்பத்திர எழுத்துப் பரீட்சைக்குப் படிக்கிறாள். பின் ரயர் வெடித்திருப்பதால் அதை மாற்றவேண்டும். அதுவரை காலையில் ஒருதரம் வண்டியை வளவுக்குள் இயக்கி நிறுத்துகிறார்கள். கோழிகள் வேறு இடம் பார்த்துவிட்டன.