பாட்டு மட்டும் போதுமா?

இளையராஜாவின் பழைய இசைத்தட்டுகளுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. 'அன்னக்கிளி' வந்த 1976-ல் பிறந்தேயிராத இளைஞர்கள் பழைய ரெக்கார்டு கடைகளில் குனிந்து தேடுகிறார்கள். தட்டை விளிம்பில் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்து, கீறல் பார்த்த பிறகுதான் விலை பேசுகிறார்கள். 'எக்கோ', 'இன்ரெகோ' லேபிள் என்றால் கடைக்காரர் லேசில் இறங்கிவருவதில்லை.

நல்ல விஷயம்தான். ஆனால், இப்படித் தேடித் தேடிச் சேர்த்தாலும் கைக்குக் கிடைப்பது பாதி இளையராஜாதான்.

ஹாலிவுட்டில் ஜான் வில்லியம்ஸின் தட்டை வாங்குகிறவர் பின்னணி இசையைக் கேட்பதற்காகவே வாங்குகிறார். இங்கே சினிமா இசைத்தட்டு என்றாலே பாட்டுதான். 'மௌன ராகம்' (1986) தட்டில் பாடல்கள் இருக்கின்றன. கார்த்திக் வரும்போதெல்லாம் துள்ளும் அந்த இசை இல்லை. அது வேண்டுமென்றால் டிவிடியிலிருந்து வெட்டியெடுக்க வேண்டும்; நடுவில் வசனம் குறுக்கிடும். இத்தனைக்கும் அவருடைய ஐந்து தேசிய விருதுகளில் இரண்டு, 'பழசிராஜா'வுக்கும் 'தாரை தப்பட்டை'க்கும் கிடைத்தவை, பின்னணி இசைக்கானவை.

படத்தில் இல்லாத பாட்டு தட்டில் கிடைப்பதுண்டு. 'தளபதி'க்காக யேசுதாஸும் ஜானகியும் பாடிய 'புத்தம் புது பூ' அப்படித்தான் பிழைத்தது. பாலு மகேந்திராவின் 'வீடு' கதை இன்னும் வேடிக்கை. பாட்டே இல்லாத அந்தப் படத்தின் பின்னணிக்கு, வி.எஸ். நரசிம்மன் வயலின் வாசித்த, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்திலிருந்தே இசை எடுக்கப்பட்டது. அந்த ஒரு படத்தின் பின்னணி இசையையாவது ரசிகர் காசு கொடுத்து வாங்க முடிந்தது!

அந்தக் காலத்தில் வசனம், இசை, மற்ற சத்தங்கள் எல்லாம் தனித்தனி காந்த நாடாக்களில் இருந்து, கடைசியில் ஒன்றாகக் கலக்கப்பட்டன. பாட்டு உரிமை ஆடியோ கம்பெனிக்குப் போனது. பின்னணி நாடா விற்பனைச் சரக்காக மதிக்கப்படாமல் எங்கோ ஒதுங்கியது. நம் ஊர்ப் புழுக்கத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்க ரொம்ப நாள் ஆகாது.

பழைய பாட்டுக்கே 'ரீமாஸ்டர்' என்று பெயர் சூட்டி, பேஸைக் கூட்டித் திரும்பத் திரும்ப விற்கும் கம்பெனிகள், தயாரிப்பாளர்களோடு உட்கார்ந்து மிச்சமிருக்கும் நாடாக்களைத் தேடட்டும். கிடைத்ததை டிஜிட்டலுக்கு மாற்றி, பின்னணி இசை ஆல்பமாக வெளியிடட்டும். உறையில் வாசித்தவர்களின் பெயரையும் போடட்டும். பழைய உறைகளில் பெரும்பாலும் பாடகர், பாடலாசிரியரோடு நிறுத்திக்கொண்டார்கள். 'மௌன ராக'த்திலிருந்தே தொடங்கலாம். வாங்க ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது.