வண்டைக் கொல்லுற பூஞ்சணம்: நல்லது, ஆனா அவசரப்படாதேங்கோ



தானியக் களஞ்சியத்தில வண்டைக் கொல்லுற பூஞ்சணம் பற்றி எபிசோடில ரெண்டு நிமிசம்தான் கதைச்சம். உடன ஒரு கேள்வி: "அப்ப இனி நஞ்சே தேவையில்லையோ?" தேவை எண்டுதான் நான் நினைக்கிறன்.

அரிசி மூட்டையைத் திறக்கேக்க ஓடுற, மூக்கு நீண்ட குட்டி வண்டைக் கண்டிருப்பியள். பிவேரியா பேசியானா எண்ட பூஞ்சணத்தின்ர வித்து அதில ஒட்டினா, முளைச்சு, நொதியங்களால தோலை அரிச்சு உள்ளுக்குப் போகும். வண்டு தின்னத் தேவையில்லை, பட்டாலே போதும். சில நாளில செத்திடும். பட்டுப்புழுவைக் கொல்லுற நோய்க்கு இதுதான் காரணம் எண்டு 1835இல காட்டினவர் இத்தாலியரான அகொஸ்தினோ பாசி. பூஞ்சணத்துக்கு அவரின்ர பெயர்தான். 2019இல ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிச்ச பிவேரியா வகைகளில ஒண்டு, சேமிச்ச தானியத்துக்கு எண்டே பரிசோதிக்கப்பட்டது.

இது எங்களுக்குத் தேவையான கருவிதான். களஞ்சியங்களில அடிக்கிற பொஸ்பீன் வாயுவுக்கு இந்தியா உட்படப் பல நாடுகளில பூச்சிகள் பழகிட்டுது. ஒரே ஆயுதத்தை நம்பி இருக்க ஏலாது.

ஆனா பூஞ்சணத்துக்கு ரெண்டு பலவீனம். வண்டு முட்டையைத் தானியத்துக்குள்ள இடும், புழுவும் அதுக்குள்ளயே வளரும். வாயு உள்ளுக்குப் போகும், வித்து போகாது. மற்றது, பூஞ்சணம் முளைக்க ஈரம் வேணும், தானியத்தை நாங்கள் காயவைச்சுத்தான் சேமிக்கிறம். அதாலதான் பிரித்தானியாவில இதைத் தானியம் கொட்ட முதல், வெறும் களஞ்சியச் சுவருக்கு அடிக்கலாமோ எண்டு ஆராய்ஞ்சவை. பேக்கப் மாதிரித்தான்: முதலே செய்து வைக்கவேணும். வண்டு பெருகினாப் பிறகு இதை நம்பினா மூட்டை மாவாகிடும்.

"இயற்கைதானே, உடன மாறுவம்" எண்டு சொல்லுறவை இலங்கையை நினைக்கவேணும். 2021 மே மாதம் இரசாயன உரத்தையும் பூச்சிகொல்லியையும் இறக்குமதி செய்ய ஒரேயடியாத் தடை போட்டினம். மாற்று கையில இல்லை. நெல் விளைச்சல் விழுந்தது, நவம்பரில தடையைத் தளர்த்தவேண்டி வந்தது. அடிபட்டது எங்கட ஊர் விவசாயியும்தான். மாற்று வேலை செய்யுது எண்டு களஞ்சியத்தில காட்டினாப் பிறகு பழசைக் குறைப்பம். அதுவரைக்கும் ரெண்டும் பக்கத்தில பக்கத்தில இருக்கட்டும்.

கெல்சென்கிர்ச்சனில எங்கட வீட்டு அரிசிக்கு ரெண்டுமே வேண்டாம். ஒரு கிழமை ஃப்ரீசரில வைச்சிட்டு, இறுக்கி மூடுற வாளியில போடுங்கோ. அம்மாட்டயும் சொல்லுங்கோ.